எத்தனை நேரம் கழித்து அரித்தது?

அலர்ஜி பற்றி இந்தப் பகுதிக்குக் கேள்வி அனுப்பும் வாசகர்கள் என்ன சாப்பிட்டோம் என்பதை விவரமாக எழுதுகிறார்கள். சாப்பிட்டு எத்தனை நேரம் கழித்து உடம்பு தடித்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு முதலில் வேண்டியது அதுதான்.

எனக்கு 38 வயது. சின்னப் பிள்ளையிலிருந்து இறால் சாப்பிடுகிறேன். போன மாதம் இரண்டு முறை, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் உதடு வீங்கிவிட்டது. இத்தனை வருஷம் ஒத்துக்கொண்டது இப்போது எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? நன்றாக வேகவைத்தால் சரியாகுமா? (தூத்துக்குடி வாசகி)

போகும் அம்மா. இறால் ஒவ்வாமை பெரியவர்களான பிறகு முதன்முதலாக வருவது சகஜம். "கை கழுவுவதற்குள்" என்று எழுதினீர்களே, அதுவே என் சந்தேகத்தை வலுவாக்குகிறது. இவ்வகை ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். முக்கியக் காரணம் ட்ரோபோமயோசின் என்ற புரதம். எவ்வளவு கொதித்தாலும் அது வீரியம் இழக்காது. நண்டிலும் அதே வகைப் புரதம் இருப்பதால் அதையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். மீன் வேறு, ஒத்துக்கொண்ட மீனை விடவேண்டாம். இறால் பொரித்த எண்ணெயில் மட்டும் அதைப் பொரிக்காதீர்கள்.

தெரியாமல் இறால் வாயில் போய், குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, அவில் மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். அது அரிப்பை அடக்கும். அடைக்கும் தொண்டையைத் திறக்காது. உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐ அழையுங்கள். படுத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்காரலாம். எழுந்து நடக்கக் கூடாது. இதற்கெல்லாம் முன்பே தோல் குத்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 20 நிமிடத்தில் முடிவு தெரியும்.

மாம்பழ சீசன் வந்தால் வாயைச் சுற்றி எரிந்து தோல் உரிகிறது. பழமே ஆகாதா? (சேலம் வாசகர்)

மறுநாளோ அதற்கடுத்த நாளோ வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் சதை அல்ல, காம்பிலும் தோலிலும் உள்ள பால். ஊறுகாய்க்கு மாங்காய் அரிந்த ஒரு அம்மாவின் கையைப் பார்த்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வரிசையாக நீர்க்கொப்புளங்கள். காம்பைத் திருகிய இடம் அச்சாகத் தெரிந்தது. மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். சலவைக் குறி போடும் சேங்கொட்டைச் சாறு பட்டுத் தோல் புண்ணாவதும் இதே வகைதான்.

காம்பை அரிந்து, கவிழ்த்து வைத்துப் பால் வடிந்ததும் கழுவி, வேறொருவரைத் தோல் சீவச் சொல்லித் துண்டுகளாகச் சாப்பிட்டுப் பாருங்கள். தோலோடு கடித்து உறிஞ்ச வேண்டாம். சாப்பிட்ட சில நிமிடத்திலேயே உதடு வீங்கினால் மட்டும் பழத்தையே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நாலு வயது மகனுக்குக் கரப்பான். கத்தரிக்காய், கருவாடு, முட்டை, வேர்க்கடலை எதுவும் கூடாது என்கிறார் மாமியார்.

கத்தரிக்காயில் அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருள் இயல்பாகவே உண்டு. சரியாகப் பதப்படாத கருவாட்டிலும் சேரும். அரிப்பைக் கண்டு சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆனால் முட்டையும் கடலையும் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு அவற்றை நிறுத்தாதீர்கள். கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு நீண்ட நாள் நிறுத்திய உணவே பிறகு கடுமையான ஒவ்வாமையாகத் திரும்பலாம். குளித்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள், தினமும்.

தினமும் சப்பாத்தி சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் டிபன் முடித்து வேகமாக நடந்தபோது மூன்று முறை உடம்பெல்லாம் தடித்தது. ஒருமுறை மயங்கி விழுந்தேன்.

அபூர்வமானது, பலர் கண்ணில் படாமல் தப்புவது. கோதுமை தனியாக ஒன்றும் செய்யாது, நடையும் செய்யாது. இரண்டும் சேரும்போதுதான் வரும். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரையும் மதுவும் இதைத் தூண்டும். கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளையடின் என்ற புரதத்துக்கு எதிராக உடம்பில் ஐஜிஇ (ஒவ்வாமை எதிர்ப்பொருள்) இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை உதவும். அதுவரை, நடப்பதற்கு முன் நான்கைந்து மணி நேரம் கோதுமை வேண்டாம். ரவை, மைதா, பரோட்டா, கோதுமைச் சேமியா எல்லாம் கோதுமைதான். தனியாக நடக்காதீர்கள். மயங்கி விழுந்திருக்கிறீர்கள், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

குற்றாலத்தில் குளித்து வெளியே வந்ததும் தடிப்புத் தடிப்பாக வீங்குகிறது. தண்ணீர் ஆகாதா?

குளிர்தான் ஆகவில்லை என்று நினைக்கிறேன். மருத்துவர் ஐஸ் கட்டியை உறையில் போட்டு முன்கையில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்ப்பார். எடுத்த கொஞ்ச நேரத்தில் கட்டி இருந்த இடத்தில் தடித்தால் பெரும்பாலும் அதுதான். அதுவரை அருவியும் குளமும் வேண்டாம். உடம்பு முழுக்கக் குளிர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தண்ணீரிலேயே மயங்கலாம். தடிப்பு சீக்கிரம் மறைந்துவிடும். வந்தவுடன் செல்போனில் படம் எடுத்து வையுங்கள், எடுத்த நேரமும் அதில் பதிவாகியிருக்கும்.