இலங்கை போகிறோம், சிங்கராஜ மழைக்காட்டு நடைக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா? வழிகாட்டி அவசியமா?

ஒதுக்கலாம். யானை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வேண்டாம், அதற்கு உடவளவை தேசியப் பூங்கா இருக்கிறது. வழிகாட்டி விஷயத்தில் உங்களுக்கு வேறு வழியே இல்லை. அவர் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் நீங்கள் பார்த்துவிட்டு வருவது ஒரு பச்சைச் சுவராகத்தான் இருக்கும். எனக்கு முதல் அரை மணி நேரம் அப்படித்தான் இருந்தது.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றால் இரண்டு மைல் தள்ளியிருக்கும் கோயில் கோபுரம் தெரியும். நடுவில் வயல், வரப்பு, அங்கங்கே ஒற்றைப் பனை, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடம் கொஞ்சம் மூச்சு முட்டும்.

போன பிப்ரவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா நாற்பது வருடம் நடவு நட்டவர். திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கிருந்து இரத்தினபுரி, கலவான வழியாகக் குடாவ நுழைவாயில். காரில் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டி வந்தவர் இரத்தினபுரிப் பக்கத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர், வழிகாட்டி சிங்களவர். அவர் சிங்களத்தில் சொல்வதை இவர் தமிழில் சொல்வார், அம்மா குறுக்குக் கேள்வி கேட்பார், அது திரும்பவும் சிங்களமாகப் போகும். மூன்று மணி நேர நடை ஐந்து மணி நேரம் ஆனதற்கு இதுதான் காரணம்.

முதலில் அட்டைப்பூச்சி. எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான் என்பதால் சொல்லிவிடுகிறேன். வாசலிலேயே முழங்கால்வரை ஏறும் துணி உறை கிடைக்கும், பேன்ட்டுக்கு மேல் மாட்டிக்கொள்ள வேண்டும். நான் மாட்டிக்கொண்டேன். அம்மா வாங்கவே இல்லை. "வயல்ல கடிக்காத அட்டையா? அதுக்குப் போயி காசு குடுத்து சாக்ஸா?" என்று சொல்லிவிட்டு, அட்டை மேல் தடவச் சுருக்குப்பையில் சுண்ணாம்பு டப்பா இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் இது நம் வயல் அட்டை இல்லை. நம்மூர் அட்டை தண்ணீரில் கிடப்பது, தடியாக இருக்கும். இங்கே இருப்பது நூல் மாதிரி. சருகு நுனியில் வாலை ஊன்றி நின்றபடி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி யார் வருகிறார்கள் என்று தேடுகிறது. நம் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் காலடி அதிர்வும் அதற்குத் தெரிந்துவிடுமாம். கடிக்கும்போது தெரியாது. அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் அட்டை விழுந்தபிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தவிரப் பயப்பட ஒன்றுமில்லை. கடைசியில் கணக்கெடுத்தபோது அம்மாவுக்கு ஏழு கடி. உறை போட்ட எனக்கு இரண்டு, அதில் ஒன்று கழுத்தில். "நம்ம ஊரு அட்டை தண்ணிய விட்டு வராது தம்பி, இது ஆளத் தேடியில்ல வருது" என்று டிரைவரிடம் அம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

நடக்கும் பாதை அகலமாக, கிட்டத்தட்ட ரோடு மாதிரி இருப்பதைப் பார்த்து எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. காட்டுக்குள் ஏன் ரோடு? 1970-களில் ஒட்டுப்பலகைக்காக இங்கே மரம் வெட்டியிருக்கிறார்கள், லாரி போக வெட்டிய பாதைதான் அது. எதிர்ப்புக் கிளம்பி 1977-ல் வெட்டுவதை நிறுத்தினார்கள். 1988-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெட்டின இடம் எது, வெட்டாத இடம் எது என்று வழிகாட்டி காட்டிக்கொண்டே வந்தார். சொன்ன பிறகு வித்தியாசம் தெரிகிறது. வெட்டாத இடத்தில் கீழே இருட்டு, நடப்பதற்கு வெளி அதிகம். வெட்டின இடத்தில் வெளிச்சம் விழுந்து செடியும் கொடியும் அடைத்துக்கொண்டிருக்கிறது. நான் அதுவரை எதை அடர்ந்த காடு என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேனோ, அது வெட்டுப்பட்ட காடு.

அப்புறம் பறவைகள். இதற்காகவே போகலாம். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் சொட்டுகிற ஓசை மட்டும். வழிகாட்டி சட்டென்று கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரை நிமிஷம் கழித்து, நம்மூர் தவிட்டுக்குருவிகள் சண்டை போடுகிற மாதிரி ஒரு கலகலப்பு. தவிட்டுக்குருவி இனம்தானாம், அலகு மட்டும் ஆரஞ்சு நிறம். இருபது முப்பது இருக்கும், சருகையும் கொடியையும் கிளறிக்கொண்டே நகர்ந்தன. அதன் பின்னாலேயே கொண்டை வைத்த கரிச்சான் இரண்டு. அதற்கும் மேலே இன்னும் ஏழெட்டு வகை. ஒரு ஊர்வலமே எங்கள் தலைக்கு மேல் போனது.

இத்தனை சாதிப் பறவை ஏன் ஒன்றாகப் போகிறது என்று வழிகாட்டி எங்களிடம் கேட்டார், புதிர் போடுகிற மாதிரி. நான் விழித்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. "ஏரு ஓட்டுறப்ப கொக்கும் கரிச்சானும் பின்னாலயே வருமே, அதான். அது கெளறி விடுது, பூச்சி பறக்குது, இது புடிச்சுத் திங்கிது." டிரைவர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் வழிகாட்டி அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்: கரிச்சான் சும்மா தின்னவில்லை, வல்லூறு வந்தால் முதலில் கத்துவது அதுதான், மற்ற பறவைகளின் அபாயக் குரலையும் அப்படியே மிமிக்ரி செய்யும் என்று. "அப்ப அது காவக்கூலி" என்றார் அம்மா.

ஊர்வலத்தின் கடைசியில் கெஹிபெல்லா வந்தது. நீல உடம்பு, செம்பழுப்புத் தலை, சிவப்பு அலகு, சிவப்புக் கால். இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. படம் எடுப்பதற்குள் போய்விட்டது.

இன்னொரு இடத்தில் அம்மா கேட்டார், இவ்வளவு மழை பெய்கிறதே, நெல் போட்டால் என்ன என்று. கேள்வி நியாயம்தான். நமக்கு வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அங்கே இரண்டு பருவமழையுமாகச் சேர்ந்து மூவாயிரத்துக்குக் குறையாது. வழிகாட்டி குச்சியால் சருகை விலக்கிக் காட்டினார். இரண்டு விரற்கடை கறுப்பு, அதற்குக் கீழே செம்மஞ்சள் மண். சத்தெல்லாம் மரத்திலும் இந்தச் சருகிலும்தான் இருக்கிறது, மரத்தை எடுத்துவிட்டால் மழையே மிச்சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்றார். அம்மா குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். வண்டல் வந்து படியாத மண் என்று புரிந்துவிட்டது போலிருக்கிறது, மேலே கேட்கவில்லை. (1934-ல் மேட்டூர் அணை கட்டிய பிறகு நமக்கும் வண்டல் வரத்துக் குறைந்துபோனது. அது வேறு புலம்பல்.)

ஒரு எச்சரிக்கை. நாங்கள் முதலில் தங்கிய விடுதியில் "மழைக்காட்டு நடை" என்று சொல்லித் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு, பின்பக்கத்து ஏலக்காய் மிளகுத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, கடைசியில் எண்ணெய்க் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நுழைவாயிலில் வனத்துறைச் சீட்டு வாங்கிப் போவதுதான் சரியான நடை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், அதைப் பார்க்காதீர்கள். காலையில் வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். ஜனவரி முதல் மார்ச்வரை மழை கொஞ்சம் குறைவு. சத்தமில்லாமல் வரக்கூடிய ஆட்களோடு போங்கள்.

ஊருக்கு வந்து மூன்று மாதம் கழித்து அம்மாவே கேட்டார், "கோடியக்கரைக் காட்டுக்குள்ள போயிருக்கியாடா?" போனதில்லை. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு, வெளிமான் தெரிகிறதா என்று வேனில் இருந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதோடு சரி. 1967-லிருந்து சரணாலயமாக இருக்கிற இடம்; நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் பக்கத்தில். அந்த ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஒரு காலை நடந்தோம். அதுவும் பசுமை மாறாத காடுதான், ஆனால் வறண்ட வகை. மரம் எல்லாம் குட்டை, இலை தடித்துச் சின்னதாக இருக்கும். பாலை மரம்தான் அதிகம். அந்தப் பழத்தைச் சின்ன வயதில் உதடு ஒட்டிக்கொள்ளத் தின்றிருக்கிறேன், மரத்தை அன்றுதான் பார்த்தேன். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் முறிந்த மரம் எது, அதன் பிறகு துளிர்த்தது எது என்று அவர் காட்டிக்கொண்டே வந்தார். ஒரு கிளையில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. கொண்டை இல்லாத, நம்மூர்க் கரிச்சான். யாருக்குக் காவல் இருக்கிறது என்று அம்மா சுற்றும்முற்றும் பார்த்தார்.

நீங்களும் டெல்டாக்காரர் என்றால் இலங்கைக்கு முன்னால் அங்கே ஒரு காலை போய்ப் பழகிக்கொள்ளலாம். துணி உறை வேண்டாம், அங்கே எங்களை ஒரு அட்டையும் கடிக்கவில்லை. நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள், முள் உண்டு.