வீட்டு வைஃபை பாதுகாப்பு: கேட்டவையும் பதில்களும்

அண்ணா, மொபைல் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டா வச்சிருக்கோம். 10 இலக்கம் போதும்தானே?

போதாது, இன்றைக்கே மாற்றுங்கள். வைஃபையைப் பூட்டும் முறையான டபிள்யூபிஏ2-வில் உங்கள் போன் ரவுட்டரோடு இணையும்போது நடக்கும் ஹேண்ட்ஷேக்கை, அதாவது இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும் பரிமாற்றத்தை, தெருவில் நிற்பவர் லேப்டாப்பில் பிடித்துவிடலாம். அதில் பாஸ்வேர்டு இருக்காது. ஆனால் ஊகித்தது சரியா என்று சோதிக்க அதுவே போதும். மீதி வேலையை அவர் தன் வீட்டில் உட்கார்ந்து முடிப்பார். இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி. நல்ல கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 10 லட்சத்துக்கு மேல் சோதிக்கும். ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது.

கையில் கிடைத்த புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து, ஒன்றுக்கொன்று ஒட்டாத 6 சொற்களை எடுத்து, ஆங்கில எழுத்தில் கோத்து எழுதுங்கள். 63 எழுத்து வரை இடமுண்டு. கையோடு டபிள்யூபிஎஸ்ஸையும் (பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கும் வசதி) அணையுங்கள்.

அதை ஏன் சார் அணைக்கணும்?

அதன் 8 இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது. முன்பாதிக்கு 10,000 வாய்ப்பு. கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்பதால் பின்பாதிக்கு 1,000தான். மொத்தமே 11,000. பின் எண் கிடைத்துவிட்டால் ரவுட்டரே பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்துவிடும். 2011-லேயே அம்பலமான ஓட்டை இது.

டபிள்யூபிஏ3-க்கு மாத்தினதும் ஸ்மார்ட் பிளக் சேரலை.

டபிள்யூபிஏ3, டபிள்யூபிஏ2-க்கு அடுத்து வந்த பூட்டுமுறை; சில கருவிகளுக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலந்த மோடில் வையுங்கள். அப்படியும் சேராவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தனி பாஸ்வேர்டோடு ஒரு கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தினருக்கான தனி வைஃபை) திறந்து பிளக், பல்பு, கேமரா எல்லாவற்றையும் அங்கே தள்ளுங்கள்.

நெட் ஸ்லோவா இருக்கு. யாராவது திருடுறாங்களா?

ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் போட்டு உள்ளே போய், இணைந்திருக்கும் சாதனங்களைப் பாருங்கள். போன்கள் தங்கள் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) மாற்றிக்காட்டுவதால் தெரியாத பெயரெல்லாம் திருடன் இல்லை.

என் வைஃபையிலும் யாரோ இருக்காங்க போல?

மேலே சொன்னதுதான். பாஸ்வேர்டை மாற்றுங்கள். டபிள்யூபிஎஸ் அணைத்தாகிவிட்டதா?

சார், வைஃபை பேரை மறைச்சு, மேக் முகவரியைப் பார்த்து உள்ள விடுற மேக் ஃபில்டரும் போட்டிருக்கேன். பாஸ்வேர்டு எதுக்கு?

மேக் முகவரி ஒவ்வொரு பாக்கெட்டிலும் திறந்தபடியே காற்றில் போகிறது. கேட்டுக்கொண்டு இருப்பவர் அதையே போட்டுக்கொண்டு உள்ளே வருவார். பாஸ்வேர்டு இல்லையென்றால் நீங்கள் அனுப்புவதும் வைஃபையின் பூட்டு இல்லாமலேதான் போகிறது.

பூட்டுக்கு மேல பூட்டு நல்லதுதானே சார்? பேர் தெரியலைன்னா எவன் வருவான்?

பேரை மறைப்பது பூட்டே இல்லை. ரவுட்டர் சொல்லாததால், உங்கள் போன்தான் அந்தப் பேரைச் சொல்லித் தேட வேண்டியிருக்கிறது: பஸ் ஸ்டாண்டில், ஆபீஸில், போகிற இடமெல்லாம். வீட்டுக்குள் மறைத்ததை ஊர் முழுக்க நீங்களே சொல்லிக்கொண்டு போகிறீர்கள்.

ரவுட்டர் செட்டிங்ஸைத் திறக்கிற அட்மின் பாஸ்வேர்டு?

அதையும் மாற்றுங்கள். வெளியிலிருந்து ரவுட்டர் செட்டிங்ஸைத் திறக்கவிடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள். ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் பாருங்கள். டபிள்யூபிஎஸ்ஸும் அணைந்திருக்க வேண்டும்.

பேரைத் திறந்து, பாஸ்வேர்டும் போட்டுட்டேன் சார். இப்ப போன் சேர மாட்டேங்குது.

நல்ல காரியம் செய்தீர்கள். போனில் பழைய நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' கொடுத்து, புதிதாகச் சேருங்கள். வீட்டில் எல்லார் போனிலும் செய்யுங்கள். பழைய பதிவு இருக்கும்வரை போன் அந்தப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும்.