தயிர்ச்சட்டி வியர்க்குமா?

வணக்கம் சேர்,

படுவான்கரையில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் தரம் 8க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆய்கூடம் இல்லை. யாரோ அன்பளிப்பாகத் தந்த பரிசோதனைப் பெட்டி ஒன்று உண்டு. உடைந்துவிடும் என்று அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். கையில் கிடைப்பதை வைத்து என்ன செய்யலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

பெட்டி பூட்டியே கிடக்கட்டும். அப்படிப்பட்ட பெட்டிகளில் விடையையும் சேர்த்தே அச்சடித்திருப்பார்கள். உள்ளே நுணுக்குக்காட்டி இருந்தால் மட்டும் சண்டை பிடித்தாவது சாவியை வாங்குங்கள்.

அமிலம், மூலம் படிப்பிக்கச் செவ்வரத்தம்பூச் சாறு போதும். தேசிக்காய்ப் புளியில் சிவக்கும், சவர்க்காரத் தண்ணீரில் பச்சையாகும். அது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எனக்கு அதிகம் உதவியது மண்சட்டிதான். ஒரு மண்சட்டி, ஒரு பிளாஸ்டிக் பாத்திரம், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். நிழலில், காற்றுப்படும் இடத்தில் வைத்து மணிக்கொரு தரம் வெப்பநிலை பார்க்க வேண்டும். மண்சட்டித் தண்ணீர்தான் குளிர வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி சரிவராது, அது 35 பாகைக்குக் கீழே காட்டாது.

முதல் தடவை எனக்குப் பிழைத்துவிட்டது. காசை மிச்சம் பிடிக்க, வீட்டில் கிடந்த பழைய தயிர்ச்சட்டியைக் கொண்டுபோனேன். மத்தியானமாகியும் இரண்டும் ஒரே சூடு. பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வாங்கில் இருந்த ஒருத்தி எழுந்து வந்து சட்டியைத் தடவிப் பார்த்து, "இது வியர்க்கவே இல்லையே சேர்" என்றாள். தயிரின் கொழுப்பு மண்ணின் நுண்துளைகளை அடைத்திருக்கிறது. தண்ணீர் வெளியே கசிந்தால்தானே ஆவியாகும்? அடுத்த கிழமை புதுச்சட்டி ஒன்றையும் பக்கத்தில் வைத்தோம். அன்று யாரும் சிரிக்கவில்லை, ஆளுக்காள் தடவிப் பார்ப்பதிலேயே பாடவேளை முடிந்துவிட்டது.

அப்புறம் கணக்கு. 1 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2400 யூல் வெப்பம் வேண்டும். அவ்வளவையும் 100 கிராம் தண்ணீரிலிருந்தே எடுத்தால் அது 5 பாகைக்கு மேல் குளிர வேண்டும். சட்டியில் அவ்வளவு குளிராது, வெளிச்சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அதை நீங்கள் சொல்லாதீர்கள், கணக்கு ஏன் பொய்த்தது என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

இதையே வரண்ட கச்சான் காற்று வீசும் ஆடியில் ஒருதரமும் கார்த்திகை மழைக்குள் ஒருதரமும் செய்யுங்கள். கச்சானில் நன்றாகக் குளிரும், மாரியில் பெயருக்குத்தான். ஈரப்பதன் என்ற சொல்லை நீங்கள் கரும்பலகையில் எழுத முன்னமே அவர்கள் காற்றைக் குற்றஞ்சாட்டத் தொடங்கியிருப்பார்கள்.

ஆடியில் எழுதிய கொப்பியை மட்டும் உயரத்தில் வையுங்கள். எங்களுடையது மாரி வெள்ளத்தோடு போய்விட்டது.