கத்திரி முடிகிறது, வெயில் முடியுமா? மே 26 - ஜூன் 1 வானிலை: கேள்வி பதில்

கேட்டவர்களில் பாதிப் பேருக்கு ஒரே கவலைதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் வானிலை ஆர்வலன் மட்டுமே. எச்சரிக்கை என்று வந்தால் வானிலை ஆய்வு மையம் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): அண்ணா, 28-ஆம் தேதியோடு அக்னி நட்சத்திரம் முடிகிறதே, அப்புறம் வெயில் இறங்கிவிடும்தானே?

பதில்: இறங்காது தம்பி. கத்திரி என்பது சூரியன் பரணி, கார்த்திகை, ரோகிணியைக் கடக்கும் பஞ்சாங்கக் கணக்கு. காற்று அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான உச்சம் 45 டிகிரி. அது 2003 மே 31, அதாவது வழக்கமாகக் கத்திரி முடியும் தேதிக்கும் பின்னால்.

காரணம் மேற்குக் காற்று. மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருங்க நெருங்க, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் காற்று வலுக்கும். மலைக்கு அந்தப் பக்கமே ஈரத்தைக் கொட்டிவிட்டு, காய்ந்த நிலத்தின் மேல் நாள் முழுக்கச் சூடேறிக்கொண்டு சென்னைக்கு வரும். சாதாரண நாளில் பன்னிரண்டு மணி வாக்கில் கடற்காற்று உள்ளே வந்து வெப்பத்தை நிறுத்திவிடும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் அதை வாசலிலேயே தடுத்துவிடும். கடற்காற்று 12 மணிக்கு வந்தால் வெப்பம் 37, 38-ல் நின்றுபோகும். 3 மணிக்கு வந்தால் 40-ஐத் தாண்டிவிடும்.

மாடிக் கொடியில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். துண்டு கிழக்கே, கடல் பக்கமாகப் பறந்தால் மேற்குக் காற்று. மதியம் ஒரு நிமிடம் தொங்கிவிட்டு மேற்குப் பக்கமாகத் திரும்பினால் கடற்காற்று வந்துவிட்டது. நான் போனில் இருக்கும் வானிலை ஆப்பைவிட அந்தத் துண்டைத்தான் நம்புகிறேன். இந்த வாரம் துண்டு தாமதமாகத் திரும்பும் நாட்களே அதிகம் என்பது என் கணிப்பு.

கேள்வி (திருவான்மியூர்): 41 டிகிரி அடித்தாலும் 'வெப்ப அலை இல்லை' என்கிறார்களே, ஏன் சார்?

பதில்: கடலோர ஊருக்கு வெப்பம் 37-ஐத் தொட வேண்டும், அதோடு அந்த நாளின் சராசரியைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். மே மாதச் சென்னைக்குச் சராசரியே 37-ஐ ஒட்டித்தான். ஆகவே 41 என்பது கணக்குப்படி 'வெறும் வெயில்'. உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது, 11 முதல் 3 வரை வெளியே அலையாதீர்கள்.

கேள்வி (ராயபுரம்): வேலூர் மாமா 41-ல் இருந்துகொண்டு, '36-க்கா அழுகிறாய்?' என்று கிண்டல் செய்கிறார். நியாயமா?

பதில்: நியாயமில்லை. உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால். வேலூரின் வறண்ட காற்றில் அது உடனே காயும். ராயபுரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் சட்டைதான் நனையும், உடம்பு குளிராது. மாமாவை ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் ஏசி இல்லாமல் படுக்கச் சொல்லுங்கள். ஆனால் மாமாவுக்கும் ஒரு எச்சரிக்கை: வறண்ட ஊரில் வியர்ப்பதே தெரியாமல் நீர் இறங்கிவிடும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அறைக்குள்ளேயே 40-ஐத் தாண்டினால் ஃபேன் காற்று மட்டும் போதாது, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (மதுரை): கார் டிஸ்ப்ளேயில் 46. செய்தியில் 40. யாரை நம்புவது?

பதில்: செய்தியை. ஆய்வு மையத்தின் வெப்பமானி வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், காற்றோட்டமாக இருக்கும். உங்கள் காருடையது தார் ரோட்டுச் சூட்டையும் எஞ்சின் சூட்டையும் சேர்த்துக் குடிக்கிறது.

கேள்வி (சத்தியமங்கலம்): வாழை குலை தள்ளி நிற்கிறது. இந்த வாரம் சூறைக்காற்று இருக்குமா ஐயா?

பதில்: இருக்கலாம், முட்டுக் கொடுத்துவிடுங்கள். மலையை ஒட்டிய ஈரோடு, நீலகிரி, அப்புறம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமெல்லாம் பிற்பகலில் இடிமேகம் திரளும் பருவம் இது. மேகத்திலிருந்து விழும் மழை பாதி வழியில் வறண்ட காற்றில் ஆவியாகும். அப்போது காற்று சட்டென்று குளிர்ந்து கனமாகி, கீழே விழுந்து நாலா பக்கமும் பாயும். அதுதான் சூறை. மழை பத்துத் துளிதான் விழுந்திருக்கும், தோப்பு சாய்ந்திருக்கும். நல்ல வெயிலுக்குப் பிறகு மேற்கே கருத்து, திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் தோப்பை விட்டு வெளியேறுங்கள். மரத்தடியில் நிற்க வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

கேள்வி (திருச்சி): சனிக்கிழமை மாலை மொட்டைமாடியில் வளைகாப்பு. 'ஓரிரு இடங்களில் மழை' என்றால் எங்கள் வீட்டில் வருமா?

பதில்: அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கு நிலையங்களில். உங்கள் தெருவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்தில் கொட்டிவிட்டு உறையூரில் தூறாமல் போவதும் நடக்கும். மதிய நேரமாக இருந்திருந்தால் கவலையே இல்லை என்பேன். மாலை என்பதால் கீழே ஹாலைக் காலி செய்து வையுங்கள். ஆப்பில் ஐந்து நாளுக்கு மேல் தெரியும் மேகப் படத்தை நம்பி மட்டும் தேதியை மாற்றாதீர்கள்.

கேள்வி (கடலூர்): வங்கக்கடலில் புயல் வந்தால் வெயில் தணியுமா?

பதில்: நம் கரைக்கு வந்தால் தணியும். வடக்கே போனால் நேர் எதிர். 2019-இல் ஃபானி நம் பக்கம் வரும் என்று எதிர்பார்க்க வைத்து, மே 3-ஆம் தேதி ஒடிசாவின் பூரி அருகே கரையேறியது. அப்படிப் போகும் புயல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, வறண்ட மேற்குக் காற்றை நம் மேல் இழுத்துவிடும்.

கேள்வி (ஊட்டி போகும் ஒருவர்): ஸ்வெட்டர் வேண்டுமா?

பதில்: வேண்டும். குடையும்.

கேள்வி (தூத்துக்குடி): ஜூன் முதல் தேதி குற்றாலம் போகலாமா?

பதில்: அவசரம். கேரளத்தில் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதியே ஜூன் 1. செங்கோட்டைப் பக்கம் சாரல் விழத் தொடங்கட்டும், அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): இரண்டு நாளாக ஜன்னல் கதவு படபடவென்று அடிக்கிறது, சாயந்திரம் நன்றாகக் குளிர்கிறது. எங்களுக்குக் கோடை முடிந்ததா?

பதில்: ஏறக்குறைய. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று உங்களைத்தான் முதலில் தொடும், அதுவும் ஈரம் காயாமல். அதே காற்று காய்ந்து சென்னைக்குப் போய்ச் சேரும்போது என்னவாகிறது என்பதை வேளச்சேரித் தம்பிக்கு மேலே சொல்லியிருக்கிறேன்.