துறைமுகம் கேட்காத கப்பல் – கடிதம்

அன்புள்ள சார்,

நீராவி இஞ்சின்கள் பற்றிய கட்டுரையில் ஸ்காட்லாந்தின் பஃபர் என்ற சிறு நீராவிச் சரக்குக் கப்பல்களை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். படங்களைத் தேடிப் பார்த்தேன். 66 அடி நீளம், ஒரு புகைபோக்கி, ஒரு கம்பம். நம் விசைப்படகு அளவுதான். இதில் பெரிதாகப் பேச என்ன இருக்கிறது? டீசல் வந்தது, நீராவி போனது, கூடவே இதுவும் போனது. அவ்வளவுதானே?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அவ்வளவுதான் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பல பஃபர்களில் நீராவி இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் வைத்தார்கள். கட்டும்போதே டீசலோடு கட்டியவையும் உண்டு. அவையும் தொழிலை விட்டுப் போய்விட்டன. ஆகவே இந்தக் கப்பலைப் புரிந்துகொள்ள அதன் அடிப்பாகத்திலிருந்து தொடங்குவதுதான் சரி.

அடி தட்டையானது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மல், ஐலா, ஜூரா, டைரீ என்று ஏராளமான தீவுகள். குளிர்காலத்தைத் தள்ள அங்கே நிலக்கரி வேண்டும். ஆனால் சரக்குக் கப்பல் அணைய ஒழுங்கான துறை பல ஊர்களில் கிடையாது. பஃபர் கடல் ஏற்றத்தில் மணற்கரையை ஒட்டி வந்து நிற்கும். வற்றத்தில் தண்ணீர் இறங்க இறங்க அப்படியே மணலில் உட்கார்ந்துவிடும். ஊர்க்காரர்கள் குதிரை வண்டியைக் கப்பலின் பக்கவாட்டுக்கே ஓட்டி வருவார்கள்.

அப்புறம்தான் வேலை. ஆட்கள் சரக்கறைக்குள் இறங்கி இரும்புத் தொட்டியில் கரியை வாரிப் போடுவார்கள். மேல்தளத்து நீராவி வின்ச் தொட்டியைத் தூக்கும், கம்பத்தில் பொருத்திய பாரந்தூக்கி அதை வெளியே திருப்பும், தொட்டி வண்டிக்கு மேலே கவிழும். குவியலின் மேலே நின்று வாருவதுதான் கஷ்டம், கட்டிகளுக்கு நடுவே மண்வாரி நுழையாது. தரைப்பலகை தெரிகிற அளவுக்கு ஒரு குழி தோண்டிவிட்டால் மண்வாரி பலகைமேல் வழுக்கிக்கொண்டு போகும். அந்தக் குழிக்காகத்தான் முதலில் அவ்வளவு பாடு. அடுத்த ஏற்றத்துக்குள் இறக்கி முடித்தால் கப்பல் மிதந்ததும் கிளம்பலாம். முடியாவிட்டால் அடுத்த வற்றம்வரை காத்திருக்க வேண்டும். பல சமயம் இந்தக் கரியை வாரியது கப்பல் ஆட்களேதான்.

ஆட்கள் என்றால் எத்தனை பேர்? கால்வாயிலும் அருகிலுள்ள கரைகளிலும் ஓடியவற்றில் மூன்று பேர், மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹெப்ரைட்ஸ் தீவுகள்வரை போனவற்றில் நான்கு பேர். இஞ்சினியர் என்று ஒருவர் இருப்பார், அடுப்புக்குக் கரி போடுபவரும் அவரேதான். முன்புறத் தளத்துக்குக் கீழே ஒரு சின்ன அறையில் சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் நடக்கும். கொதிகலனைச் செங்குத்தாக நிறுத்தியதுகூட இடத்தை மிச்சம் பிடித்துச் சரக்கறைக்குக் கொடுக்கத்தான்.

நீங்கள் சொன்ன 66 அடி, ஸ்காட்லாந்தின் குறுக்கே போகும் ஃபோர்த்–கிளைடு கால்வாயின் மதகுகள் (நீர்மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும் அடைப்புகள்) விதித்த அளவு. பஃபர் பிறந்தது அந்தக் கால்வாயில்தான், 1850களில். சுற்றிலும் நல்ல தண்ணீர் இருந்ததால் பயன்படுத்திய நீராவியைப் புகைபோக்கி வழியாகவே வெளியே விட்டார்கள். கடலுக்குப் போனபோது அது சரிப்படவில்லை. உப்புத் தண்ணீர் கொதிகலனைக் கெடுக்கும் என்பதால் நீராவியைக் குளிர்வித்து மறுபடியும் தண்ணீராக்கும் கருவியைச் சேர்த்தார்கள். தீவுகளுக்குப் போனவை 88 அடிவரை வளர்ந்தன, கிரினன் கால்வாயின் மதகுகள் அந்த நீளத்தை அனுமதித்தன. 1801இல் திறந்த அந்தக் கால்வாய் ஒன்பது மைல்தான், 15 மதகுகள். ஆனால் கின்டயர் முனையின் கொந்தளிப்பைச் சுற்றிப் போகாமல் தப்பிக்கலாம். கர்கின்டிலக் என்ற உள்நாட்டு ஊரில் கால்வாய்க்கரையிலேயே இந்தக் கப்பல்களைக் கட்டினார்கள். கால்வாய் குறுகல் என்பதால் பக்கவாட்டில்தான் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை தன் சிறு சரக்குக் கப்பலுக்கு இந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை கரியில் ஓடின. எண்ணெய் கடல்கடந்து வரவேண்டும், கரி உள்நாட்டிலேயே இருந்தது. 1943இல் யார்க்‌ஷயரின் தோர்ன் ஊரில் கட்டிய விஐசி 32 என்ற அத்தகைய கப்பல் போருக்குப் பிறகும் பிழைத்து, கரியில் ஓடும் கப்பலாகவே பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

பஃபரின் பிழைப்பைப் பறித்தது லாரி. லாரி அப்படியே ஏறி இறங்கும் படகுகள் தீவுகளுக்கு வந்தபின், கிளாஸ்கோ பக்கம் ஏற்றிய கரியை வீட்டு வாசலிலேயே கொட்ட முடிந்தது. நடுவில் மணற்கரையும் தொட்டியும் மண்வாரியும் தேவைப்படவில்லை. ஃபோர்த்–கிளைடு கால்வாயையே 1963இல் மூடிவிட்டார்கள் (2001இல் மறுபடி திறந்தார்கள்). அந்த முதுகொடியும் வேலை ஒழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு தீவின் குளிர்காலம் முழுவதும் ஒரு சின்னக் கப்பலை நம்பியிருந்ததை, அளவு சிறியது என்பதற்காக வரலாற்றில் சேர்க்காமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பக்கம் போக வாய்த்தால், இர்வின் ஊரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் ஸ்பார்ட்டன் என்ற பஃபர் நிற்கிறது, 1942இல் கட்டியது. இஞ்சின் இப்போது டீசல். முதலில் சரக்கறையை எட்டிப் பாருங்கள்.