அடுத்து வருபவருக்கு எழுதிவைக்கும் தொழில்

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

தேவகோட்டையிலிருந்து தாங்கள் அனுப்பிய கடிதமும், அதனுடன் இணைத்திருந்த தங்கள் மகளின் பன்னிரண்டு பக்கத் தாள்களும் கிடைத்தன. கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கும் பெண், வளாக நேர்காணலுக்கு வந்த இரண்டு நிறுவனங்களின் நிரல் (புரோகிராம்) எழுதும் தேர்விலும் தேறாமல் போய், இப்போது மென்பொருள்களுக்குக் கையேடும் ஆவணமும் எழுதும் வேலைக்குப் போகிறேன் என்று சொல்வது தங்களைக் கலங்க வைத்திருக்கிறது. "கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கணக்கப்பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டிருப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணக்கப்பிள்ளையைச் சற்று இளக்காரமாகச் சொல்லிவிட்டீர்கள் என்றே எனக்குப் படுகிறது. தங்கள் மாமனாரின் தகப்பனார் பர்மாவுக்குக் கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர் என்றும், அவருடைய பேரேடுகள் இன்னும் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கின்றன என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் அங்கே கடையைப் பொறுப்பேற்று நடத்தும் ஒரு மேலாள் பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார். அவர் இடத்துக்கு வருபவர், யாருக்கு எவ்வளவு கடன், எதன் மேல் ஈடு, எந்த வாய்தாவில் வட்டி என்பதையெல்லாம் பேரேட்டைப் புரட்டியே தெரிந்துகொண்டு கடையை நடத்தியாக வேண்டும். ஐயம் வந்தால் முன்னவரைக் கேட்டுவரக் கப்பலேற முடியாது. மென்பொருள் நிறுவனங்களிலும் இன்று நிலைமை ஏறக்குறைய இதுதான். நிரலை எழுதியவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார். எழுதிய காரணம் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் இருட்டில் துழாவுகிறார்.

இந்தக் குறை எவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நிரல்களை இணையத்தில் சேமித்துப் பகிர இடம் தரும் கிட்ஹப் நிறுவனம் 2017இல் திறந்த மூல மென்பொருளில், அதாவது நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளில், ஈடுபடுவோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், அரைகுறையான அல்லது காலாவதியான ஆவணங்களைச் சந்தித்ததாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில் பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர், தாங்கள் ஆவணம் எழுத அரிதாகவே முன்வருவதாகவோ ஒருபோதும் எழுதுவதில்லை என்றோ ஒப்புக்கொண்டார்கள். எல்லோருக்கும் வேண்டும், எழுதத்தான் ஆள் இல்லை. ஆகவே தங்கள் மகள் தேர்ந்தெடுத்திருப்பது தேவை இல்லாத துறை என்று நினைக்க வேண்டாம். அவள் அதற்குத் தயாராக இருக்கிறாளா என்பதுதான் என் கேள்வி. அனுப்பிய தாள்களைப் பார்த்தால், இன்னும் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

அவள் எழுதியிருப்பது, விடுதி உணவுக் கணக்குக்காகத் தானும் தோழியரும் செய்த மென்பொருளைப் பற்றியது. மொழி பிழையில்லாமல் இருக்கிறது. ஆனால் அது கல்லூரியில் பைண்டிங் செய்து சமர்ப்பிக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறது: முதலில் நன்றியுரை, பிறகு முன்னுரை, பிறகு கணினியின் பயன்கள். மென்பொருளை எப்படி நிறுவுவது என்பது ஒன்பதாம் பக்கத்தில்தான் வருகிறது. அங்கும் பைத்தான் என்ற நிரல் மொழியின் எந்தப் பதிப்பு தேவை என்று எழுதவில்லை. ரிப்போர்ட், மதிப்பெண் போடும் ஆசிரியருக்காக எழுதப்படுவது. ஆவணமோ, வேலை முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்காக எழுதப்படுவது. அவருக்கு முதல் பக்கத்திலேயே மூன்று விடைகள் கிடைக்க வேண்டும்: இது என்ன செய்யும், எப்படி நிறுவுவது, நிறுவியது சரிதானா என்று எதைக் கொண்டு தெரிந்துகொள்வது. ரீட்மீ எனப்படும் முதல் கோப்பின் கடமை அவ்வளவுதான்.

அடுத்த குறை ஒழுங்கைப் பற்றியது. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். டானியேல் புரோசிடா என்பவர் வகுத்த, டயாடாக்சிஸ் என்ற முறை இத்துறையில் பலரும் பின்பற்றுவது. ஆவணங்களை, படிப்பவரின் தேவையை வைத்து நான்காகப் பிரிக்கச் சொல்கிறது அது. தங்கள் வீட்டுத் தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லை வைத்தே இதை விளக்கலாம். கல் செய்வதைப் பார்த்தே இராத ஒருவனை உட்காரவைத்து, கண்ணாடியைத் துடை, அதன்மேல் சட்டத்தையும் அச்சையும் வை, வண்ணச் சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்று, அச்சை எடு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பு என்று கைப்பிடித்து ஒரு கல்லைச் செய்து முடிக்க வைப்பது பயிற்சிப் பாடம். ஏற்கெனவே தொழில் தெரிந்தவன், புதிதாக ஒரு பூ வடிவத்தை இரண்டு வண்ணத்தில் எடுப்பது எப்படி என்று கேட்டால் அதற்கு மட்டும் விடை சொல்வது செய்முறைக் குறிப்பு. கல்லின் அளவு, கலவை விகிதம், எத்தனை நாள் தண்ணீரில் ஊற வேண்டும் என்பவற்றைப் பட்டியலாக வைப்பது குறிப்புதவி. சூளையில் சுடாமலே, மெருகு ஏற்றும் இயந்திரம் இல்லாமலே அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது, அதற்குக் கண்ணாடி ஏன் வேண்டும் என்று சொல்வது விளக்கம்.

இந்த நான்கையும் ஒரே பத்தியில் கலந்தால் கற்றுக்கொள்ள வந்தவன் திணறுவான், அளவு மட்டும் பார்க்க வந்தவன் எரிச்சலடைவான். தங்கள் மகளின் ஏழாம் பக்கத்தில் நான்கும் கலந்துதான் கிடக்கின்றன. அதை மட்டும் அவள் நான்கு தாள்களாகப் பிரித்து எழுதிப் பார்க்கட்டும். ஒரு வாரத்தில் தனக்கே வித்தியாசம் தெரியும்.

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு முடித்தவளுக்கு இந்த ஆங்கிலம் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும். கூகுளும் மைக்ரோசாப்டும் தங்கள் ஆவண நடைக் கையேடுகளை எவரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. படிப்பவரை நேராக விளித்து எழுது, செய்வினையில் எழுது, நிகழ்காலத்தில் எழுது, வாக்கியத்தைச் சுருக்கு என்பவையே அவற்றின் முக்கியமான அறிவுரைகள். அலங்கார ஆங்கிலம் கைவரப்பெற்றவர்கள்தாம் இதற்குச் சிரமப்படுகிறார்கள். தொழில்நுட்ப எழுத்துக்கென்று கூகுள் வைத்திருக்கும் பாடங்களும் இலவசமானவை. சான்றிதழ் தருகிறோம் என்று பெருந்தொகை கேட்பவர்களிடம், தயவுசெய்து, நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

கசப்பான பகுதியையும் மறைக்காமல் எழுதுகிறேன். நிரலாளர் வேலைகளோடு ஒப்பிட்டால் இந்த வேலைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. புதியவர்களை எடுக்கும் இடங்கள் அதனினும் குறைவு. பெரும்பாலானவை சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற நகரங்களில்தான் இருக்கின்றன. இத்துறையின் பழைய அமைப்பான, 1953இல் அமெரிக்காவில் தோன்றிய தொழில்நுட்பத் தொடர்பாளர் சங்கம் கடன் தாங்காமல் 2025 தொடக்கத்தில் மூடப்பட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட மாத்திரத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தருகின்றன என்பதும் உண்மை. ஆனால், எழுதிய படியைச் செய்து பார்த்து, மூன்றாவது படியில் பிழைச் செய்தி வருகிறது என்று கண்டுபிடித்துத் திருத்துவதற்கும், எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதற்கும் பொறுப்பேற்கும் ஆள் வேண்டியிருக்கிறது. வெறும் வாக்கியம் அமைப்பவளாக மட்டும் இருந்தால் தங்கள் மகளுக்கு இடம் கிடைப்பது கடினம். நிரலைப் படித்து, இயக்கி, சோதிப்பவளாக இருந்தால் கிடைக்கும். நிரல் தேர்வுக்குப் பயந்து இந்தப் பக்கம் ஓடி வருகிறாள் என்றால், இங்கும் நிரல் அவளை விடாது என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். தேறாத தேர்வுகளுக்கான பயிற்சியையும் அவள் கைவிட வேண்டியதில்லை.

அடுத்த மூன்று மாதத்துக்கு, எளிய குறிகளால் தலைப்பும் பட்டியலும் அமைத்து எழுதும் முறையான மார்க்டவுன், கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட் ஆகிய இரண்டையும் பழகட்டும். முந்தையது சில நாள் வேலை, பிந்தையதற்குப் பொறுமை வேண்டும். பிறகு தான் உண்மையிலேயே பயன்படுத்தும் ஒரு திறந்த மூல மென்பொருளின் ஆவணத்தை எடுத்து, அதில் சொல்லியபடி நிறுவிப் பார்த்து, எங்கே இடறுகிறதோ அதைத் திருத்தி அனுப்பட்டும். ஏற்கப்படும் ஒவ்வொரு திருத்தமும் அவள் பெயரோடு பொதுவில் இருக்கும். வேலைக்கு எடுப்பவர் மதிப்பெண் பட்டியலைவிட அதைக் கூர்ந்து பார்ப்பார்.

வரும் இரண்டாம் சனிக்கிழமை காலையில் நான் காரைக்குடி அலுவலகத்தில் இருப்பேன். அதற்குள் நிறுவும் முறையை மட்டும் இரண்டு பக்கத்தில் புதிதாக எழுதி, பத்தாம் வகுப்புப் படிக்கும் அவள் தம்பியிடம் கொடுத்து, தாளைப் பார்த்து அவனே மடிக்கணினியில் செய்யும்படி விடட்டும். அவள் பக்கத்திலேயே உட்காரலாம், வாய் மட்டும் திறக்கக் கூடாது. அவன் எந்த வரியில் நின்றுபோய் அக்காவை நிமிர்ந்து பார்க்கிறானோ, அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்தத் தாளைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.