காலிங் விசா கைக்கு வராமல் கிளம்பாதீர்கள்

தம்பி, அடுத்த மாதம் புதுக்கோட்டையிலிருந்து கோலாலம்பூருக்கு ஓட்டல் வேலைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ‘முதலில் டூரிஸ்டாக இறங்கு, வேலை பெர்மிட்டாக அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஏஜெண்ட் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விமான நிலையத்து டாக்சிக்காரர்களிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி, ஊர் பழகுமா என்பவை உங்கள் மற்ற இரண்டு கேள்விகள். டாக்சி சின்ன விஷயம். ஏஜெண்ட் சொன்னதைப் படித்ததும்தான் எனக்குப் பகீர் என்றது.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்கு வந்து போகலாம். அது சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு. அந்த முத்திரையோடு வேலை செய்வது குற்றம். முறையான வழி என்றால், முதலாளி இங்கே குடிநுழைவுத் துறையில் (இமிக்ரேஷன்) விண்ணப்பித்து, அனுமதி வாங்கி, அந்தக் காகிதம் ஊரில் இருக்கும் உங்கள் கைக்கு வர வேண்டும். காலிங் விசா என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். ‘வந்தபின் மாற்றித் தருகிறேன்’ என்கிறவர் முப்பது நாள் முடிந்ததும் போனை எடுக்கமாட்டார். அப்புறம் சோதனை என்றாலே ஒளிய வேண்டும். முதலாளி கொடுப்பதுதான் சம்பளம், எதிர்த்துப் பேச முடியாது. இப்படிச் சிக்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் நகையை அடகு வைத்து அனுப்பியிருப்பார்கள், அதனால் ஊருக்கு உண்மையைச் சொல்லவும் வாய் வராது.

ஏஜெண்டிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது, நீங்களே தேடிப் பார்க்கலாம். சேவைக் கட்டணமாக அவர்கள் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டாலோ, ரசீது தர மறுத்தாலோ விலகிவிடுங்கள். முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றாலும் விலகுங்கள்.

விமான நிலையத்துக்கு வருவோம். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கிற தளம் போலி. வெளியே வந்ததும் ‘டாக்சி, டாக்சி’ என்று பக்கத்தில் வந்து நிற்பவருக்குப் பதிலே சொல்லாமல் நடங்கள். நகரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயில் 55 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்), முதல் முனையத்திலிருந்து 28 நிமிடம். பஸ் மிகவும் மலிவு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். போனில் கூப்பிடும் கிராப் டாக்சியில் வந்தால் டோல் தனியாகச் சேரும். வந்த அன்று இரவு ஓட்டலில் அறை எடுத்துத் தங்கினால் அறைக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி கேட்பார்கள். இவை இரண்டும் ஏமாற்று இல்லை, சண்டைக்குப் போகாதீர்கள்.

மற்றபடி இந்த ஊரில் நான் அதிகம் பயப்படச் சொல்வது தமிழ் பேசிக்கொண்டு வருகிறவரிடம்தான். புது ஊரில் மலாயும் சீனமும் காதில் விழுந்து களைத்திருக்கும்போது, நம்மவர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதித் தெருவில் ஒருவர் ‘தம்பி எந்த ஊரு?’ என்று கேட்டால் மனசு அப்படியே இளகிவிடும். அப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். எனக்கு முதல் அறை பார்த்துக் கொடுத்தவரும் அப்படி ஒருவர்தான். ஆனால் அந்த இளக்கத்தையே நம்பிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் குடியுங்கள், நன்றாகப் பேசுங்கள். பாஸ்போர்ட்டை ‘பத்திரமாக வைக்கிறேன்’ என்றால் கொடுக்காதீர்கள். முதலாளி கேட்டாலும் அப்படித்தான். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது இங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏடிஎம் கார்டையும் வங்கிக் கணக்கையும் ‘கொஞ்ச நாளைக்கு’ என்று யார் கேட்டாலும் தராதீர்கள். மோசடிப் பணம் அதன் வழியாகப் போனால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.

போலீஸ், கோர்ட், வங்கி என்று மிரட்டிப் போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே 997க்கு அழையுங்கள். மோசடிப் புகாருக்கென்றே உள்ள எண் அது. சீக்கிரம் சொன்னால்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கும்.

ஊர் பழகுமா என்றால், பழகும். கடையில் மலாய்க்காரரும் சீனரும்கூட உங்களை ‘அண்ணே’ என்பார்கள். ஆட்காட்டி விரலை நீட்டி யாரையும் காட்டாதீர்கள், மலாய்க்காரர்கள் கட்டைவிரலால்தான் காட்டுவார்கள். இங்கே பிறந்த தமிழர்களிடம் ‘இந்தியாவில் எந்த ஊர்?’ என்று கேட்டுத் துருவ வேண்டாம். அவர்களுடைய பாட்டன், பூட்டன் காலத்திலேயே ரப்பர்த் தோட்டத்துக்கு வந்துவிட்ட குடும்பங்கள் ஏராளம், இதுதான் அவர்கள் ஊர். சாதியை மட்டும் வாயெடுத்துக் கேட்டுவிடாதீர்கள், அவர்கள் மனம் நோகும்.

முதலாளியின் பெயர், கடை முகவரி, சம்பளம் எழுதிய கடிதம் ஏஜெண்டிடம் இருந்தால் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். அப்படி ஒரு கடை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை டிக்கெட் போட வேண்டாம்.